தனத்துக்கு ஒரு பென்ஸ் வண்டி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கி காசிநாதன் வீடு எது என்று கேட்டால், எந்தக் காசிநாதன் என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கையை நீட்டி சோனாங்குப்பம் பக்கம் காட்டுவார்கள். பச்சை பெயின்ட் அடித்த மாடி வீடு, வாசலில் இரும்பு கேட்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊரான் படகில் கூலிக்கு வலை இழுக்கப் போன பயல் கட்டிய வீடு அது. கூலிக்காரன் பைபர் படகு வாங்கினார், பிறகு இன்னொன்று, அதற்கப்புறம் விசைப்படகு வாங்கிச் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஆனார். நடுவில் சுனாமி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "கடலு எடுத்தத கடல்லயே திருப்பி வாங்குனவன் நானு. எவன் வாசல்லயும் போயி நின்னதில்ல" என்பார். உண்மைதான். அடுத்தவர் சொல்லிப் பாராட்டட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

இத்தனை சம்பாதித்தவரிடம் கார் இல்லை. மீன் ஏலத்துக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மொபெட்டுதான். வம்பிழுக்கிறவர்கள் கேட்பார்கள்.

"என்னா சம்மாட்டி, இன்னும் இந்த டப்பாவுலதான் போறீங்களா?"

"வாங்குனா ஒசந்த வண்டிதான் வாங்குவன். ஒன்ன மாதிரி தீப்பெட்டி வாங்கி அதுல நாலு பேர அடைக்க மாட்டன்."

வெறும் சவடால் என்று எல்லாரும் சிரிப்பார்கள். அதற்குள் இருந்த சங்கதி அவருக்கும் அவர் சம்சாரம் தனத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் தனம் மீன்கூடை சுமந்து சிதம்பரத்துக்கு வியாபாரத்துக்குப் போவாள். சில கண்டக்டர்கள் ஏற்றுவார்கள், சிலர் நாற்றம் என்று இறக்கிவிடுவார்கள். மகள் சரண்யா வயிற்றில் இருந்தபோது ஒரு மழை நாளில், பாதி வழியில் ஆலப்பாக்கத்தில் கூடையோடு இறக்கிவிட்டுவிட்டார்கள். வங்காளவிரிகுடாவே தலையில் இறங்கினது போல நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் காசிநாதன் சொன்னார்: "அதே ரோட்டுல ஒரு நா ஒன்ன ஒசந்த கார்ல ஒக்கார வச்சி கூட்டிக்கிட்டுப் போறன் பாரு." தனம் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "மொதல்ல அரிசி வாங்கிக்கிட்டு வா" என்றாள்.

அவள் அதோடு மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. ஆனால் கையில் பணம் சேரும்போதெல்லாம் அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்து நின்றது. படகு வந்தது, சரண்யாவின் படிப்பு வந்தது, அவள் கல்யாணம் வந்தது. காருக்கு என்ன அவசரம், தனம் எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டார்.

போன வருடம் தனத்துக்கு வயிற்றில் வலி வந்தது. கஷாயம் குடித்துப் பார்த்தாள், ஊசி போட்டுப் பார்த்தாள். கடைசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். தலைமுடி கொட்டியது. முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, "இனிமே எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றாள். சித்திரையில் ஒரு நாள் டாக்டர் காசிநாதனை மட்டும் தனியாக அழைத்தார். மருந்து கேட்கவில்லை, அடுத்த பொங்கலை அம்மா பார்ப்பது கஷ்டம் என்றார். காசிநாதன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். "என்னா சொன்னாரு?" என்று தனம் கேட்டாள். "நல்லா தேறி வர்றியாம்" என்றார். பெற்ற மகளிடமும் அதையேதான் சொன்னார்.

அதற்கு மறுவாரம்தான் பழைய பென்ஸ் ஒன்று வாங்கப் போவதாகக் கிளம்பினார்.

பாண்டிச்சேரிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போய் வருவது பாண்டியன், தனத்தின் தம்பி, சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவன். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, கோச்சிக்காதீங்க. புது பென்ஸ் வாங்குறவன் யோசிக்க மாட்டான், அவன் காசு கத வேற. பழைய பென்ஸ் வாங்குறவன்தான் யோசிக்கணும். ஒரு கண்ணாடி ஒடஞ்சாலும் மெட்ராஸுக்கு ஓடணும். அந்தக் கண்ணாடி காசுல என் வண்டிக்கு நாலு டயரும் மாத்திப்புடுவன்."

"நடுக்கடல்ல இஞ்சின் நின்னு போயி கரை வந்து சேந்தவன்டா நானு. ரோட்டுல நின்னா எறங்கி நடந்துட்டுப் போறன்."

"நீங்க நடப்பீங்க. அக்கா நடக்குமா?"

பதில் இல்லாத இடத்தில் அவர் சத்தம் போடுவார். போட்டார்.

திருச்சியில் பேங்கில் வேலை பார்க்கும் சரண்யா போனில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, அதே காசுக்குப் புதுசாவே ஒண்ணு சின்னதா வாங்கலாம். அம்மாவுக்கு ஏசி இருந்தா போதும். நம்ம தெருவுல அந்த வண்டி திரும்பக்கூட திரும்பாதுப்பா."

"திரும்பலன்னா தெருவ திருப்பிடறன்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

தனம் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். "எனக்காகன்னு சொல்லி வாங்காத. ஒனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லு, வாங்கு" என்றாள். "எனக்குத்தான் ஆசை" என்றார் காசிநாதன். பொய் சொல்லும்போது அவர் கூரையைப் பார்ப்பார். அன்றைக்கும் கூரையைத்தான் பார்த்தார்.

சிதம்பரத்தில் ஜெயசீலன் என்கிற கார் புரோக்கர் ஒரு வண்டி இருப்பதாகச் சொன்னான். கீரப்பாளையத்தில் ரைஸ் மில் வைத்திருந்த சடையப்பன் என்பவருடைய வண்டி, ஒரே கை ஓட்டினது, குடும்பம் அண்ணாமலை நகர் தாண்டி சிவபுரி ரோட்டில் இருக்கிறது, மகன் எழிலன் சிங்கப்பூரிலிருந்து விற்கச் சொல்லிவிட்டான் என்றான். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன, ஏலமும் இல்லை. பாண்டியன் டாக்சியிலேயே தனத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சும்மா கூட்டிப்போகவில்லை. அவள் இல்லாமல் வண்டி வாங்க முடியாது.

அதற்குக் காரணம் அவர்கள் குப்பத்துப் பழக்கம். பழைய படகு வாங்கினால் பணத்தைக் கொடுத்ததும் படகு கைக்கு வந்துவிடாது. விற்கிற வீட்டுப் பெண், படகைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்து, வாங்குகிற வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். கயிறு மாற்றுவது என்பார்கள். கடலுக்குப் போகிறவன் ஆண், அவன் திரும்பி வருகிறவரைக்கும் கரையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் பெண். அவள் மனசார விட்டுக்கொடுக்காத படகு விளங்காது. அந்தக் கை சுமங்கலிக் கையாகவும் இருக்க வேண்டும். காசிநாதன் வாங்கின பழைய படகெல்லாம் தனத்தின் கைவழியாகக் கயிறு மாறி வந்தவைதான். காருக்குக் கயிறு இல்லை, சாவி இருக்கிறதே என்று அவர் முடிவு பண்ணியிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வண்டி நின்றது. கறுப்பு, வஞ்சிரத்தின் முதுகு மாதிரி பளபளப்பு. காசிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகின் உடம்பைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் பானெட்டிலிருந்து டிக்கி வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். குனிந்து அடியில் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே விரலை விட்டு உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"பாடி நல்லாருக்கு. இஞ்சின் தனியா என்னா வெல?"

ஜெயசீலன் வாயைப் பிளந்தான். "ஐயா, இது படகு இல்லீங்க, பாடி வேற இஞ்சின் வேறன்னு விக்க. இஞ்சினும் சேந்துதான் வண்டி."

"எல்லாத்தையும் சேத்துக் கட்டி விக்கிறவன நம்பக்கூடாதுடா பாண்டியா" என்று காசிநாதன் கண்ணடித்தார். பாண்டியன் தலையில் அடித்துக்கொண்டான். தனம்கூடச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஜெயசீலன் ஏறி உட்கார்ந்து, கால் எட்டவில்லை என்று ஏதோ விசையை அமுக்கினான். சீட்டு அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. காசிநாதனும் தனமும் பின்னால் உட்கார்ந்தார்கள். வயல்களுக்கு நடுவே சிவபுரி ரோட்டில் வண்டி போனது. டாக்சியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாளே தனம், அவள் கை மடியில் சும்மா கிடந்தது. "ஓடுதா நிக்கிதான்னே தெரியலய்யா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏதோ சொல்லித் திரும்பிப் பார்த்தபோது, அவள் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. தூங்கிப்போயிருந்தாள். வீட்டில் மாத்திரை போட்டும் வராத தூக்கம்.

காசிநாதன் ஜெயசீலனின் முதுகில் தட்டி, மெதுவாக, "இன்னும் கொஞ்சம் தூரம் போ" என்றார். அந்த நிமிஷமே அவர் மனசில் வண்டி அவருடையதாகிவிட்டது.

திரும்பி வந்து இறங்கியதும் பேரம் பேசாமலே, "முடிச்சிக்கலாம். வீட்டுக்கார அம்மாவ கூப்புடு. சாவிய அவுங்க கையால என் சம்சாரம் கையில குடுக்கட்டும்" என்றார்.

ஜெயசீலன் தயங்கினான். "எதுக்குய்யா? பையன் போன்லயே எல்லாம் பேசிட்டாப்ல. அம்மா உள்ள படுத்துருக்காங்க."

"அவுங்க தரலன்னா எனக்கு வண்டி வேணாம். எங்க பழக்கம் அது."

வேறு வழியில்லாமல் அவன் உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மாள் வந்தாள். தனத்தின் வயசுதான் இருக்கும். நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. சடையப்பன் சம்சாரம் விருத்தாம்பாள்.

மில் 'வைத்திருந்த' சடையப்பன் என்று ஜெயசீலன் சொன்னபோது, மில்லைத்தான் விற்றுவிட்டார் என்று காசிநாதன் நினைத்தாரே தவிர, ஆளே போய்விட்டார் என்று நினைக்கவில்லை. தாலி இழந்த கையிலிருந்து கயிறு வாங்குகிற வழக்கம் குப்பத்தில் இல்லை. அதுவும் தனத்துக்கு, இப்போது. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

விருத்தாம்பாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் காரின் உள்ளே இருந்தது.

"சீட்ட யாரு நகத்துனது?"

ஜெயசீலன் காசிநாதனைப் பார்த்தான்.

"ஏம்ப்பா, ஒன்னத்தான். சீட்ட யாரு நகத்துனது?"

"நான்தாம்மா. ஓட்டிக் காட்டுறதுக்கு" என்றான் ஜெயசீலன்.

"அவருக்கு நீளக் காலு. அவரு வச்சது வச்சபடியே இருந்துச்சி. வண்டியத் தொடைக்க வர்ற ஆளக்கூட நான் அத தொட விட்டதில்ல." அவள் முன்கதவைத் திறந்து சீட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அது அசையவில்லை. மறுபடி தள்ளினாள். ஜெயசீலன் ஓடிப்போய் விசையை அமுக்கினான். சீட்டு மெள்ளப் பின்னால் போனது.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, ஜாஸ்தி போயிடுச்சி. முன்னால... இல்ல, இந்த எடம் இல்ல..."

முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். எந்த இடம் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிடுச்சி" என்றாள், சீட்டைப் பார்த்துக்கொண்டு.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். தனத்தின் முக்காட்டையும் வெளுத்த உதட்டையும் அப்போதுதான் பார்த்தாள். ஜெயசீலனிடமிருந்து சாவியை வாங்கி நீட்டினாள். "நின்னுக்கிட்டே கெடந்து வீணாப் போவுது. நீயாவது ஒக்காந்து போம்மா."

காசிநாதன் குறுக்கே வரப் பார்த்தார். தனம் அவர் கையை விலக்கிவிட்டு முன்னால் போய் இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாளின் விரலை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சாவியை அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள்.

"வேணாங்க்கா. நீங்களே வச்சிருங்க. மவன்கிட்ட சொல்லுங்க, வந்து பாத்துட்டு அப்புறம் விக்கட்டும்."

"தனம்!" என்றார் காசிநாதன்.

"வண்டிய எடுடா பாண்டியா. போவலாம்" என்றாள் அவள்.

டாக்சியில் புதுச்சத்திரம் தாண்டுகிறவரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. விதவை கை என்று பயந்துவிட்டாயா, வேறு வண்டி பார்க்கலாம், கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறதாம், இதைவிட ஒசத்தி என்று பேசிக்கொண்டே வந்தார்.

"அந்தக் கைக்கு என்னா கொறச்சல்? எனக்கு அதெல்லாம் இல்ல" என்றாள் தனம். "அந்த அம்மா சீட்டப் போட்டு நகத்துனத பாத்தல்ல? நான் போனப்புறம் நீ பின்னாடி கதவத் தெறந்து வச்சிக்கிட்டு அப்படித்தான் நிப்ப."

"யாரு போறா? டாக்டரு என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமா? தேறி வர்ற..."

"டாக்டரு ஒன்கிட்ட சொன்னதுக்கு மொத நாளே என்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் கேட்டன்."

பாண்டியன் கண்ணாடியில் பார்த்தான், உடனே ரோட்டுக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். காசிநாதன் கூரையைப் பார்த்தார். டாக்சியின் கூரை தலைக்கு மேலேயே இருந்தது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எத்தனையோ புயல் பார்த்த ஆள், முதுகு குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தார். தனம் அவர் முதுகில் கையை வைத்தாள்.

"அழுவாதய்யா. எல்லாம் நீதான் சாதிச்ச, நான் இல்லங்கல. ஆனா கல்யாணமான நாள்லேருந்து பொழுது விடியறப்ப நீ வூட்டுல இருந்ததில்ல. கடலு, இல்லன்னா ஏலம். எனக்கு வண்டி கிண்டி ஒண்ணும் வேணாம். இருக்குற நாளைக்கு காலையில கண்ணு முழிச்சா நீ இரு. அது போதும்."

ஆனியில் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. காசிநாதனின் படகையும் பாண்டியனின் பங்காளி ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். ஏலத்துக்கு அவர் போகவில்லை. துறைமுகத்தில் அது பெரிய பேச்சாக இருந்தது. அவர் வீட்டில் டீ போட்டார். டிகாஷன் எது, பால் எது என்று தெரியாமல் போட்ட டீ. தனம் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு அந்த மருந்தே தேவலாம்" என்பாள். ஆனாலும் டம்ளரைக் காலி பண்ணிவிடுவாள்.

நோயாளியைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காசிநாதன் பென்ஸ் கதையைச் சொன்னார். சொல்லாமல் விட்டால் அவர் காசிநாதன் இல்லையே. "கையில பணத்த வச்சிக்கிட்டு, வேணாம் போடான்னு வந்துட்டன். இவதான் வேணாம்னுட்டா. இல்லன்னா இந்நேரம் வாசல்ல நின்னுருக்கும்." ஒவ்வொரு தடவையும் வண்டி கொஞ்சம் நீளமாகும், விலை கொஞ்சம் கூடும். தனம் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுப்பாள். "ஏன்யா, போன வாரத்துக்கு இந்த வாரம் வண்டி வளந்துடுச்சா?" வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "சரி சரி, கொஞ்சம் கொறச்சிக்க" என்பார். அவள் திருத்துவதற்காகவே அவர் ஏற்றிச் சொன்னார் என்று பாண்டியனுக்குப் பிற்பாடு தோன்றியது.

ஆடி கடைசியில் அவளுக்குப் பேச்சு குறைந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருத்தர் பார்க்க வந்திருந்தார். காசிநாதன் வழக்கம்போல ஆரம்பித்தார். வண்டியின் நீளத்தைச் சொன்னார், இந்த வீட்டு வாசல் கொள்ளாது என்றார். விலையைச் சொன்னார். எந்தத் தடவையும் சொல்லாத பெரிய விலை. சொல்லிவிட்டு நிறுத்தி, கட்டிலைப் பார்த்தார்.

தனம் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசையவில்லை.

அவர் காத்திருந்தார். வந்தவர், "அவ்வளவா!" என்று வியந்தார்.

"இல்ல" என்றார் காசிநாதன். "அவ்வளவு இல்ல. நான்தான் ஏத்திச் சொல்லிட்டன். வண்டியும் அவ்வளவு நீளம் இல்ல."

எழுந்து போய் கட்டிலில் உட்கார்ந்து, அவள் முக்காட்டைச் சரிசெய்தார்.